வாடகை அறைக்கு நிவாரணம் எப்படிப் போகும்?

உலர் உணவுப் பொதி ஒன்றுக்குள் என்ன இருக்கும் என்பதை யாழ்ப்பாணத்தில் என் வயதுக்காரர் எவரும் பிரித்துப் பார்க்காமலே சொல்லிவிடுவார்கள். அரிசி, கோதுமை மா, பருப்பு, சீனி, தேயிலை, ஒரு ரின்மீன், சவர்க்காரம். 2024 நவம்பர் கடைசியில், பிறகு ஃபெங்கல் என்று பெயர் பெற்ற தாழமுக்கம் எங்களைக் கடந்துகொண்டிருந்த நாட்களில், நாவாந்துறைப் பக்கத்து ஒழுங்கை ஒன்றில் அப்படி ஒரு பொதியோடு ஒரு பெண் நின்றிருந்தார். கணுக்காலுக்கு மேல் தண்ணீர். அவருடைய மண்ணெண்ணெய் அடுப்பு அந்தத் தண்ணீருக்குள் இருந்தது. வளவின் முன்பகுதியில் உரிமையாளரின் வீடு, பின்னால் வரிசையாக மூன்று அறைகள், அறைக்கு ஒரு குடும்பம். பொதி வந்தது உரிமையாளரின் பெயருக்கு. அவர் உறவினர் வீட்டுக்குப் போகும்போது அதைக் குடியிருந்தவர்களிடமே கொடுத்துவிட்டுப் போயிருந்தார். அது அவருடைய நல்ல மனம். ஒரு பொதியை மூன்று குடும்பங்களுக்குப் பிரிக்க வேண்டும். பிரித்தாலும் சமைக்க இடமில்லை.

“பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் முகாம் திறந்திருக்கிறார்களே, ஏன் போகவில்லை, தங்கச்சி?” என்று கேட்டேன்.

“எங்களுக்குப் பதிவு கிளிநொச்சியில்தான் அக்கா. இங்கே பெயர் இல்லை. அறையைப் பூட்டிவிட்டுப் போனால் சாமான்களுக்கு யார் பொறுப்பு? கடைக்கும் போகாமல் இருக்க முடியாது” என்றார். கஸ்தூரியார் வீதியில் ஒரு புடைவைக் கடையில் அவருக்கு வேலை. கடைவீதியில் தண்ணீர் வடிந்துவிட்டது, கடை திறந்துவிட்டது. வேலைக்குப் போகாத நாளுக்குச் சம்பளம் இல்லை.

நான் நிவாரண வேலையில் களப்பணியாளராக இருந்தவள். சுனாமிக்குப் பிறகு வடமராட்சிக் கரையோரத்தில் தொடங்கி, போர் முடிந்த பிறகு மீள்குடியேற்றக் கிராமங்கள் வரை, வெவ்வேறு நிறுவனங்களின் அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு திரிந்திருக்கிறேன். அந்த அனுபவத்தில் இருந்து ஒன்றை உரத்துச் சொல்ல விரும்புகிறேன். எங்கள் நிவாரண முறை முழுவதும் கிராமத்துக்கும் முகாமுக்கும் என்று வளர்ந்தது. பாதிக்கப்பட்டவர்கள் ஓரிடத்தில் கூடியிருப்பார்கள், எல்லோருக்கும் குடும்ப அட்டை இருக்கும், கிராம அலுவலரான விதானையார் ஒவ்வொருவரையும் முகம் பார்த்து அறிவார், பகல் பத்து மணிக்கு வரச் சொன்னால் வருவார்கள் என்பதே அதன் அடிப்படை. நகரத்தில் இவற்றில் ஒன்றுகூடச் சரியாகப் பொருந்துவதில்லை. விதானையாரைக் குறை சொல்ல மாட்டேன். அவர் கையில் இருக்கும் பட்டியல் அப்படி. வாக்காளர் இடாப்பில் பெயர் உள்ளவர்கள் அதில் இருக்கிறார்கள். நகரத்தை ஓட வைப்பவர்கள் பாதிப் பேர் அதில் இல்லை.

இது யாழ்ப்பாணத்துக்கு மட்டும் உரிய சிக்கல் இல்லை. 2010 ஜனவரி 12 அன்று ஹெய்ட்டியின் தலைநகரான போர்ட்-ஓ-பிரின்ஸை நிலநடுக்கம் இடித்துப் போட்டது. சுமார் 15 இலட்சம் பேர் வீடிழந்தார்கள். ஜனாதிபதி மாளிகைக்கு முன்னால் இருந்த சதுக்கம் முதற்கொண்டு நகரின் திறந்த வெளிகளெல்லாம் கூடாரங்களாக மாறின. உலகத்தின் பெரிய நிவாரண நிறுவனங்கள் எல்லாம் அங்கே இறங்கின. பழகிய வழியில், வீடு கட்டிக் கொடுப்பது என்று தொடங்கினார்கள். ஆனால் கூடாரங்களில் இருந்தவர்களில் பெரும் பகுதியினர் இடிந்த வீடுகளில் வாடகைக்கு இருந்தவர்கள். காணி இல்லாதவருக்கு வீடு எங்கே கட்டுவது? பிறகுதான் குடும்பத்துக்கு 500 டொலர் அளவில் ஓராண்டு வாடகையைக் கொடுத்து, நகரத்துக்குள்ளேயே உறுதியான அறை ஒன்றைத் தேடிக்கொள்ளச் செய்தார்கள். பல முகாம்களை மூட முடிந்தது அந்த உதவியால்தான்.

2020 ஓகஸ்ட் 4 அன்று பெய்ரூட் துறைமுகத்தில் 2,750 தொன் அமோனியம் நைத்திரேற்று வெடித்தபோது பிரச்சினை வேறு மாதிரி இருந்தது. ஆயிரக்கணக்கான வீடுகளின் சுவர் நின்றது, கதவும் யன்னலும் கண்ணாடியும் போய்விட்டன. அந்த வீட்டுக்காரருக்குக் கூடாரம் எதற்கு? தச்சன் வேண்டும், கண்ணாடி வேண்டும், அவற்றுக்குக் கொடுக்கப் பணம் வேண்டும். பெய்ரூட்டுக்கு முன்பே, ஹெய்ட்டி போன்ற இடங்களின் பாடங்கள் சேர்ந்துதான், 2016 மே மாதம் இஸ்தான்புல்லில் நடந்த உலக மனிதாபிமான உச்சி மாநாட்டில் நகர நெருக்கடிகளுக்கென்றே ஒரு உலகக் கூட்டணி அறிவிக்கப்பட்டது. நிவாரணத்தின் குறைந்தபட்சத் தரங்களைச் சொல்லும், பணியாளர்கள் எல்லோரும் கையில் வைத்திருக்கும் ஸ்பியர் கையேட்டின் 2018 பதிப்பும் நகரச் சூழலைத் தனியாக எடுத்துப் பேசுகிறது. பேச்சு அந்த மட்டத்தில் நடந்துவிட்டது. ஆனால் நாவாந்துறை ஒழுங்கைக்கு அது இன்னும் வந்து சேரவில்லை.

எங்களுக்கு இதில் சொந்த அனுபவமும் இருக்கிறது, அதை நாங்களே மறந்துவிட்டோம் என்பதுதான் எனக்குப் பெரிய வருத்தம். 1995 ஒக்டோபர் 30. போருக்குத் தப்பி வலிகாமம் முழுவதும் ஒரே இரவில் எழுந்து நாவற்குழிப் பக்கமாக நடந்தது. நான் பள்ளிக்கூடப் பிள்ளை. மழை. தென்மராட்சியில் கோயில்களும் பள்ளிக்கூடங்களும் நிறைந்து வழிந்தன. ஆனாலும் வந்தவர்களில் பலரைத் தாங்கியது வீடுகள். எங்களைத் தாங்கியது மட்டுவிலில் இருந்த மாமி வீடு. விறாந்தையில், குசினியில், மாட்டுக்கொட்டிலில் என்று எத்தனையோ குடும்பங்கள். அந்த வீட்டுக் கிணற்றில் விடியற்காலையில் ஊறும் தண்ணீருக்காக எல்லோரும் வரிசையில் நின்றோம். மலசலகூடக் குழி நிறைந்து, மாமா வளவின் மூலையில் இன்னொன்று வெட்டினார். இடம்பெயர்ந்தவர்களுக்கு நிவாரணக் காட் கிடைத்தது; கூட்டுறவுச் சங்கக்கடையில் அதைக் காட்டி அரிசியும் பருப்பும் வாங்கினோம். மாமிக்கு ஒன்றும் கிடைக்கவில்லை, ஏனென்றால் அவர் இடம்பெயரவில்லை. அவருடைய தேங்காயும் விறகும் கிணறும் மலசலகூடமும் எங்களுக்காகத் தீர்ந்துகொண்டிருந்தன, அதற்கு எந்தப் பட்டியலிலும் இடமில்லை.

நல்ல அம்சம் ஒன்றும் அந்த ஏற்பாட்டில் இருந்தது. சங்கக்கடை ஊருக்கு ஊர் இருந்தது. பொருள் வாங்க ஒரு முகாமுக்குள் போய் உட்கார வேண்டியிருக்கவில்லை. மாமி வீட்டில் இருந்தபடியே அந்த நிவாரண அட்டையைக் கொண்டுபோய் வாங்கலாம். இன்றைக்கு வெளிநாட்டு நிபுணர்கள் ‘உள்ளூர்ச் சந்தை வழியான உதவி’ என்று பேசுவது ஏறக்குறைய இதைத்தான். ஜோர்தானில் இருக்கும் சிரிய அகதிகளில் பெரும்பான்மையோர் முகாமுக்கு வெளியே, நகரங்களில், வாடகைக்கு இருக்கிறார்கள். அவர்களுக்குப் பணமும் கடை அட்டையும்தான் போகின்றன.

இனித் தண்ணீருக்கு வருகிறேன். நகர நிவாரணத்தைப் பற்றி நான் பிடிவாதமாக இருப்பதற்கு முதற்காரணம் தண்ணீர்தான்.

யாழ்ப்பாணத்துக்கு நிலத்தடிச் சுண்ணாம்புக்கல்தான் தண்ணீர்த் தாங்கி. நகரத்துக்குள் ஆறு இல்லை. பெய்யும் மழை குளங்களுக்கும் வாய்க்கால்களுக்கும் கடனீரேரிக்கும் போக வேண்டும், மிச்சம் கல்லுக்குள் இறங்க வேண்டும். சுண்ணாம்புக்கல்லில் வெடிப்புகளும் பொந்துகளும் அதிகம். மணலைப் போல மெதுவாக வடித்துக் கொடுக்காது, உள்ளே போனது விரைவாக அடுத்த கிணற்றுக்குப் போய்விடும். நகரத்துக்குப் பாதாளக் கழிவு வாய்க்கால் முறையும் இல்லை. வீட்டுக்கு வீடு குழி. குருநகரிலும் பாசையூரிலும் பொம்மைவெளியிலும் வளவுகள் எவ்வளவு ஒடுங்கியவை என்பது போய்ப் பார்த்தவர்களுக்குத் தெரியும். கிணற்றுக்கும் குழிக்கும் இடையில் இருக்க வேண்டிய தூரத்தை அங்கே எவரும் விட முடியாது, காணியே அவ்வளவுதான். வெள்ளம் வந்தால் குழியும் கிணறும் ஒன்றாகிவிடுகின்றன.

இந்த நிலையில் நிறுவனங்கள் என்ன செய்கின்றன? குடும்பத்துக்கு ஒரு வாளி, ஒரு தண்ணீர்க் கலன், குளோரின் குளிசை. படம் எடுத்துக்கொண்டு போகிறார்கள். சில வீடுகளில் கிணற்றை இறைத்துச் சுத்தம் செய்தும் கொடுக்கிறார்கள். ஆனால் ஒரு கிணற்றை இறைத்தால் பக்கத்து வளவின் அழுக்குத் தண்ணீர் அதற்குள் ஊறி வரும். ஒழுங்கையில் உள்ள எல்லாக் கிணறுகளையும் ஒரே கிழமையில் இறைத்து, குளோரின் இட்டு, நிரம்பிய குழிகளைப் பவுசரால் உறிஞ்சி எடுத்து, அடைபட்ட மதகைத் திறந்தால்தான் அந்த வேலைக்குப் பொருள் உண்டு. இதைப் பொதுச் சுகாதாரப் பரிசோதகர்கள் பலமுறை சொல்லியிருக்கிறார்கள். கேட்பதற்கு ஆட்கள் குறைவு, ஏனென்றால் திட்ட அறிக்கையில் ‘பயன்பெற்ற குடும்பங்கள்’ என்று ஒரு கட்டம் இருக்கிறது, ‘பயன்பெற்ற ஒழுங்கைகள்’ என்று ஒரு கட்டம் இல்லை.

நான் கேட்பது அந்தக் கட்டத்தைத்தான். நகரத்தில் நிவாரணத்தின் அலகாக ஒழுங்கையை வையுங்கள். அந்த ஒழுங்கையில் உரிமையாளர், வாடகைக்காரர், வந்து தங்கியிருக்கும் உறவினர், மலையகத்தில் இருந்து கடை வேலைக்கு வந்து அறையில் தங்கியிருக்கும் பொடியன்கள் எல்லோரும் ஒரே தண்ணீரைத்தான் குடிக்கிறார்கள். யாருக்குப் பதிவு எங்கே என்று கிணற்றுக்குத் தெரியாது. 2024 நவம்பர் வெள்ளத்துக்குப் பின் வந்த டிசம்பரில் எலிக்காய்ச்சல் யாழ் மாவட்டத்தில் உயிர்களைப் பறித்தது. தேங்கிய தண்ணீருக்குள் நடந்தவர்களுக்குத்தான் அந்த ஆபத்து. அறையை விட்டு வெளியேற முடியாமல் இருந்தவர்கள் நாள் முழுவதும் அதற்குள்தான் நடந்தார்கள்.

பள்ளிக்கூடங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். எங்கள் ஊரில் அனர்த்தம் என்றால் முதலில் திறப்பது பள்ளிக்கூடத்தின் வாசல். வேறு பெரிய கட்டடம் இல்லாததால் அது சரி. ஆனால் எங்கள் பெருமழை வருவது கார்த்திகை, மார்கழியில். உயர்தரப் பரீட்சையும் அதே காலத்தில் வந்தால்? 2024இல் அதுதான் நடந்தது. நவம்பர் 25 அன்று தொடங்கிய பரீட்சையை 27ஆம் திகதியில் இருந்து நாடு முழுவதும் நிறுத்திவைத்து, டிசம்பர் 4 அன்று மீண்டும் தொடங்கினார்கள். பரீட்சை மண்டபமும் நலன்புரி நிலையமும் ஒரே கட்டடமாக இருந்தால், யாராவது ஒருவர் வெளியேற வேண்டும். அதோடு, பிள்ளைகளுக்காகக் கட்டிய மலசலகூடங்களை இரவிலும் பகலிலும் முழுக் குடும்பங்கள் பயன்படுத்த வேண்டியிருக்கிறது. 20 பேருக்கு ஒரு மலசலகூடம் என்பது ஸ்பியர் கையேடு சொல்லும் அளவு. இரவில் வெளிச்சமில்லாத மலசலகூடத்துக்குப் போகப் பயந்து தண்ணீர் குடிக்காமல் இருந்த பெண்களை நான் பார்த்திருக்கிறேன். கையேட்டில் உள்ள எண்ணிக்கை சரியாக இருந்த இடங்களிலும் பார்த்திருக்கிறேன்.

வெள்ளம் இல்லாத நெருக்கடியும் நகரத்துக்கு உண்டு. 2022இல் எங்கள் வீதிகளில் தண்ணீர் இல்லை, பசி இருந்தது. கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி அந்த ஆண்டு செப்டெம்பரில் உணவு விலையேற்றம் 94.9 சதவீதம். கிராமத்தில் இருந்தவருக்கு முருங்கையும் மரவள்ளியும் விறகும் ஓரளவு கைகொடுத்தன. குருநகர்த் தொடர்மாடியில் இருப்பவர் எரிவாயு இல்லாமல் மூன்றாம் மாடியில் விறகு அடுப்பை எங்கே மூட்டுவார்? படகுக்கு மண்ணெண்ணெய் இல்லாததால் கடலுக்கும் போக முடியவில்லை. அந்த வீடுகளைப் பார்த்தால் நெருக்கடி என்று எவரும் சொல்லமாட்டார்கள். கூரை இருந்தது, கதவு இருந்தது, சுவரில் தொலைக்காட்சியும் இருந்தது. உள்ளே மத்தியானச் சாப்பாடு நின்று போயிருந்தது. நகைகள் அடைவுக்குப் போயிருந்தன. அந்த ஜூன் மாதத்தில் உலக உணவுத் திட்டம் கொழும்பின் நெருக்கடியான குடியிருப்புகளில் கர்ப்பிணித் தாய்மாருக்கு உணவு வாங்கும் வவுச்சர் கொடுக்கத் தொடங்கியது. நகரத்துக்கு ஏற்ற உதவி அது. கடை பக்கத்தில் இருக்கிறது, பொருளும் ஓரளவு இருக்கிறது, வாங்கும் காசுதான் இல்லை.

பணம் கொடுத்தால் குடித்துத் தீர்த்துவிடுவார்கள் என்று சொல்பவர்களை ஒவ்வொரு கூட்டத்திலும் சந்திக்கிறேன். என் களப்பணிக் காலத்தில் பணம் வாங்கிய பெண்கள் முதலில் எதற்குச் செலவழித்தார்கள் என்று எனக்குத் தெரியும்: வாடகை, அடைவு வட்டி, பிள்ளையின் சப்பாத்து. அதற்காக எப்போதும் பணம்தான் சரி என்று நான் சொல்லவில்லை. முதல் இரண்டு மூன்று நாட்களுக்குக் கடையும் பூட்டியிருக்கும், அடுப்பும் எரியாது. அப்போது வேண்டியது சமைத்த சோறு. அதை எங்கள் தேவாலயங்களும் கோயில்களும் பள்ளிவாசல்களும் சனசமூக நிலையங்களும் எந்த நிறுவனத்தையும் விட விரைவாகச் செய்கின்றன; பெரிய நிறுவனங்கள் அந்தக் குசினிகளுக்கு எரிவாயுவும் அரிசியும் கொடுத்துவிட்டு விலகி நின்றால் போதும். கடை திறந்த பிறகு பொதி கட்டிக்கொண்டு வருவதைத்தான் நிறுத்தச் சொல்கிறேன். திறந்திருக்கும் கடைக்கு முன்னால் லொறியில் அரிசி இறக்குவது, வெள்ளத்தில் தானும் நனைந்த அந்தக் கடைக்காரரின் வியாபாரத்தையும் கெடுக்கிறது.

நேரத்தையும் மாற்ற வேண்டும். பகல் பத்து மணிக்கு வரிசையில் நிற்க முடிபவர் யார்? நாட்கூலிக்குப் போகாதவர். பொதியின் பெறுமதியை விட இழந்த கூலி அதிகமாக இருந்தால் யார் வருவார்? மாலை ஆறு மணிக்கு மேல், ஞாயிற்றுக்கிழமைகளில் வையுங்கள். இதற்கு ஒரு சதமும் கூடுதலாகச் செலவாகாது.

எங்கள் வண்ணார்பண்ணைப் பக்கத்துச் சனசமூக நிலையத்தில் இந்தப் புரட்டாதியில் ஒரு கொப்பியைத் திறந்திருக்கிறோம். ஒழுங்கை ஒழுங்கையாகப் போய், வளவுக்குள் எத்தனை அடுப்பு எரிகிறது என்று கேட்டு எழுதுகிறோம். குடும்ப அட்டையைக் கேட்பதில்லை. அடுப்பைக் கணக்கிட்டால் வாடகைக்காரர் தப்பமாட்டார். கிணறு எங்கே, குழி எங்கே, எந்த மதகில் தண்ணீர் நிற்கும், படுக்கையில் இருக்கும் முதியவர் எந்த அறையில் என்பதையும் குறிக்கிறோம். ஒழுங்கையில் இருக்கும் பெண்கள்தான் இதைச் சரியாகச் சொல்கிறார்கள். சிக்கல் உரிமையாளர்களிடம்தான். வாடகைக்காரரின் பெயர் எழுத்தில் வந்தால் நாளைக்கு ஆதன வரி கூடும், அறையை விட்டு எழும்ப மறுப்பார்கள் என்ற பயம் அவர்களுக்கு. அந்தப் பயத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. அதனால் கொப்பியில் வாடகைக்காரரின் பெயர் இல்லை, வாடகைத் தொகையும் இல்லை. அடுப்பின் எண்ணிக்கையும் ஆட்களின் எண்ணிக்கையும் மட்டுமே. கொப்பி சனசமூக நிலையத்து அலுமாரியில் இருக்கும். மழை தொடங்கும்போது எண்ணிக்கையை மட்டும் விதானையாரிடமும் சுகாதாரப் பரிசோதகரிடமும் கொடுப்போம். இரண்டு பேரும் அதை ஏற்றுக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார்கள்.

கனடாவிலும் லண்டனிலும் பாரிஸிலும் இருந்து இதைப் படிக்கும் உறவுகளுக்கு ஒரு வேண்டுகோள். ஒவ்வொரு வெள்ளத்துக்கும் நீங்கள் காசு அனுப்புகிறீர்கள், இந்த ஊர் அதில்தான் பலமுறை எழுந்திருக்கிறது. இந்த முறை பொதிக்கென்று அனுப்பாதீர்கள். பொதியோடு எடுத்த படத்தைக் கேட்காதீர்கள். அந்தப் படத்தில் நிற்க விரும்பாமல் ஒதுங்கிப் போகும் குடும்பங்கள் நகரத்தில் நிறைய உண்டு. நீர் இறைக்கும் இயந்திரம் ஒன்றும் அதற்கு நீளமான குழாயும் எங்களுக்கு வேண்டும். மலக்குழிப் பவுசருக்குக் கட்டணம் வேண்டும். அந்தக் கட்டணத்தைக் கொடுக்க முடியாத வீடுகளின் குழிகள்தான் முதலில் நிரம்புகின்றன. வெள்ளத்தில் வேலை இழக்கும் குடும்பங்களுக்கு ஒரு மாத வாடகை கொடுக்கச் சிறு நிதி ஒன்று வேண்டும். ஐப்பசி பிறக்க முன்னர் முதலிரண்டும் கைக்கு வந்துவிட்டால், மதகுகளைத் திறக்கும் சிரமதானத்தோடு சேர்த்துக் கிணறுகளையும் ஒருமுறை இறைத்துவிடலாம்.